சவ்வின் வழியே சென்ற நீர்

மாங்காயைக் கீறி உப்பிட்டு ஜாடியில் அடைத்து வைத்தால், மறுநாள் அது நீர் விட்டிருக்கும். மீனைப் பிளந்து உப்புத் தடவி வெயிலில் இட்டால், அது தன் நீரை இழந்து கருவாடாகும். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால், சில நாழிகையில் அது பருத்துப் பூரிக்கும். இவற்றையெல்லாம் நம் வீட்டுப் பெண்டிர் எந்தப் பள்ளியிலும் கற்றவரல்லர்; ஆயினும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர். மாங்காயைப் பிழிந்தவர் எவருமில்லை. திராட்சைக்குள் நீரை ஊற்றியவரும் எவருமில்லை. அங்ஙனமாயின் அந்த நீர் எவ்வாறு வெளியேறியது? எவ்வாறு உட்புகுந்தது? அதனைச் செலுத்தியது எது?

பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு முழு விடை காண அறிவியல் உலகுக்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. மாங்காயும் மீனும் திராட்சையும் மட்டுமல்ல, நாமும் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனவர்களே. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அச்சவ்வின் வழியே சில பொருள்களை உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டு ஏற்றுகிறது, இறக்குகிறது. வேறு சில பொருள்களோ, உயிரணு எவ்வித முயற்சியும் செய்யாமல், செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குத் தாமாகவே செல்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதைப் போன்றது அது. இந்த இரண்டாம் வகைப் போக்குவரவே இக்கட்டுரையின் பொருள்.

பொருள்கள் தாமாக நகரும் என்பது உண்மை. ஆயினும் எது நகரும், எவ்வளவு நகரும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை மனிதன் அறியாத காலத்தில், கைக்கு எட்டிய மருந்தும் கை நழுவிப் போயிற்று. அறிந்த காலத்தில், ஒரு பிடி உப்பும் சர்க்கரையும் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தன. அந்த வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

பாதிரியாரும் பன்றித் தோலும்

பிரெஞ்சு நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் நொல்லே என்னும் பாதிரியார். சமயப் பணியைவிட இயற்பியலிலேயே அவருடைய நெஞ்சம் தோய்ந்திருந்தது. 1748-ஆம் ஆண்டில் அவர் நீர்மங்கள் கொதிப்பதைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். அதன் பொருட்டுச் சாராயம் நிரம்பிய ஒரு கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, காற்றுப் புகாதிருக்கும்படி அதனை நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தோல் மேல்நோக்கிப் புடைத்திருந்தது. ஊசியால் ஒரு துளையிட்டார். உள்ளிருந்த நீர்மம் ஊற்றுப் போல் பீறிட்டு எழுந்தது!

நொல்லே அதனை வியப்போடு விட்டுவிடவில்லை. கலத்துக்குள் நீரையும் வெளியே சாராயத்தையும் வைத்துச் சோதனையைத் திருப்பிச் செய்தார். இம்முறை தோல் உள்நோக்கிக் குழிந்தது. பன்றித் தோல் சாராயத்தைவிட நீருக்கே எளிதில் வழி விடுகிறது என்று அவர் முடிவு செய்தார். ஒன்றைத் தடுத்து மற்றொன்றை விடும் திரை ஒன்று உண்டு என்பதை ஐரோப்பிய அறிவியல் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். ஆயினும் அக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் நூலகங்களில் உறங்கிக் கிடந்தது.

அதனைத் தட்டி எழுப்பியவர் துத்ரோஷே என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் புரட்சியில் குடும்பச் சொத்தை இழந்தவர், மருத்துவம் பயின்றவர், நெப்போலியனின் படையோடு ஸ்பெயினுக்குச் சென்று நோயுற்றுத் திரும்பியவர். பின்னர் நாட்டுப்புறத்தில் தம் அன்னையுடன் தங்கி, எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்படைத்தார். நீர் உட்புகுவதற்கும் வெளியேறுவதற்கும் 1826-ஆம் ஆண்டில் அவர் தனித்தனிப் பெயர்கள் சூட்டினார். அப்பெயர்களிலிருந்து பிறந்ததே, இன்று நாம் சவ்வூடு பரவல் என்று தமிழில் வழங்கும் சொல். நீரின் விசையை அளக்க அவர் ஒரு கருவியும் செய்தார். செடியின் வேர் நீரை ஈர்ப்பதற்கும் தண்டு அதனை மேலே ஏற்றுவதற்கும் இந்தப் பரவலே காரணம் என்று எழுதினார். மின்சாரமே இதனை நடத்துகிறது என்று அவர் முதலில் கருதியது பிழை. ஆயினும், உயிர்களின் இயக்கத்தை மறைபொருளான ஓர் உயிர்விசையால் விளக்கிவந்த அக்காலத்தில், இயற்பியல் விதிகளைக் கொண்டே அதனை விளக்க முடியும் என்று துணிந்து கூறியது அவருடைய பெருமையாகும்.

கை நழுவிய மருந்து

துத்ரோஷே தம் கருவியோடு அளந்து கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பேதிக் கொள்ளைநோயாகிய காலரா ஆசியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவைக் கலக்கியது. 1831-ஆம் ஆண்டின் இறுதியில் அது இங்கிலாந்தை அடைந்தது. ஓஷாக்னெசி என்னும் இருபத்திரண்டு வயது மருத்துவர், நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து, அது நீரையும் உப்பையும் பெருமளவில் இழந்துவிட்டது என்று கண்டறிந்தார். இழந்ததைத் திரும்பக் கொடுப்பதே மருந்து என்றும் எழுதினார். இவரே பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பிகளை நாடெங்கும் நிறுவியவர்.

அந்தக் கருத்தைச் செயலாக்கத் துணிந்தவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரைச் சேர்ந்த தாமஸ் லாட்டா. 1832-ஆம் ஆண்டில், சாகும் தறுவாயில் கிடந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் அவர் உப்பு நீரைச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி மீண்டது, மூதாட்டி பேசலானார். லாட்டா அவரை வேறொரு மருத்துவரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டும் தொடங்கியது. நீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்தார். பின்னர் வேறு சிலரை லாட்டா பிழைக்கவும் வைத்தார். ஆனால் அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். கொள்ளைநோயும் தணிந்தது. அந்த மருத்துவ முறையும் பல்லாண்டுகள் கைவிடப்பட்டது.

ஏன் கைவிடப்பட்டது? நோய்க்கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. செலுத்திய நீர் தூய்மையானதன்று. எல்லா நம்பிக்கையும் அற்ற நோயாளிகளுக்கே அம்முறை கையாளப்பட்டது. இவற்றோடு மற்றொரு காரணமும் இருந்தது. லாட்டா முதலில் கலந்த உப்பின் அளவு, குருதியின் இயல்பான உப்பளவைவிடக் குறைவு. குருதிக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதை அன்று அறிந்தவர் ஒருவரும் இலர். உப்புக் குறைந்த நீரில் குருதியின் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடிக்கும் என்பதையும் உணர்ந்தவர் இலர். மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார், அளவு மட்டும் இல்லை.

பரவலின் விதி

அந்த அளவைக் காணும் பணி மருத்துவமனையில் நடைபெறவில்லை. வேதியியல் கூடங்களிலும் தாவரத் தோட்டங்களிலும் நடைபெற்றது. 1827-ஆம் ஆண்டில் இராபர்ட் பிரவுன் என்னும் தாவர அறிஞர், நீரில் மிதந்த மிக நுண்ணிய துகள்கள் ஓயாமல் அங்குமிங்கும் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் இடைவிடாது மோதுவதால் விளைந்த துடிப்பு அது என்பது, 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே தெளிவாயிற்று. பொருள்கள் தாமாக நகர்வதன் மருமம் இதுவே. எந்த மூலக்கூறுக்கும் திசை தெரியாது. ஆனால் கூட்டம் மிகுந்த பக்கத்திலிருந்து புறப்படுவன மிகுதியாதலால், மொத்தத்தில் கூட்டம் குறைந்த பக்கத்துக்கே பெயர்ச்சி நிகழும். திருவிழாக் கூட்டம் கலைவதைப் போன்றது இது. தள்ளுவார் இல்லை, ஆயினும் திடல் வெறிதாகிவிடும்.

அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர் 1855-ஆம் ஆண்டில் இதற்கு விதி வகுத்தார். வெப்பம் உலோகத்தில் பரவுவது போலவே உப்பு நீரில் பரவுகிறது. செறிவின் சரிவு எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவு விரைவாகப் பரவல் நிகழும் என்பது அவருடைய முடிவு. இவ்விதியிலிருந்து ஓர் உண்மை புலப்படும். தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உயிரணுவை ஒரு சிறு மூலக்கூறு கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கே போதும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டரைக் கடக்கவோ ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும். உயிரணுக்கள் ஏன் இத்துணைச் சிறியனவாய் இருக்கின்றன என்பதற்கும், பேருயிர்களுக்கு இதயமும் குருதிக் குழாய்களும் ஏன் தேவைப்பட்டன என்பதற்கும் இக்கணக்கே விடை பகரும்.

ஃபிக்கின் காலத்தவர் தாமஸ் கிரகாம். கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். மகன் சமயகுரு ஆகவேண்டும் என்று விரும்பிய தந்தையின் சொல்லை மீறி வேதியியல் கற்றவர். உப்பு, சர்க்கரை போன்றவை தாவரத்தோல் தாளின் வழியே எளிதில் செல்வதையும், பசை போன்ற பெருமூலக்கூறுப் பொருள்கள் அவ்வாறு செல்லாமல் தங்கிவிடுவதையும் 1861-ஆம் ஆண்டில் அவர் விளக்கினார். இவ்வாறு பிரித்தெடுக்கும் முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்று பெயரிட்டார். அத்தாளின் ஒரு பக்கத்தில் சிறுநீரை வைத்து, மறுபக்கத்து நீரிலிருந்து தூய யூரியாப் படிகங்களைப் பெற்றார். சிறுநீரகம் பழுதுற்ற மனிதரின் குருதியில் தேங்கி நஞ்சாவது இதே யூரியா முதலிய கழிவுகளே. இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒலிக்கும் ‘டயாலிசிஸ்’ என்னும் சொல்லை, மருத்துவர் அல்லாத ஒரு வேதியியல் அறிஞர் படைத்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அளவு பிறந்த கதை

பன்றித் தோலும் தாளும் உறுதியற்றவை. அவை சர்க்கரையையும் ஓரளவு கசிய விடும். நீரை மட்டும் விட்டுச் சர்க்கரையைத் தடுக்கும் திரை ஒன்று தேவைப்பட்டது. அதனைச் செய்தவர் மோரிட்ஸ் டிராபே. குடும்பத்தின் மது வாணிகத்தை நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர் அவர். இரு கரைசல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தானே படியும் மெல்லிய படலங்களை 1860-களில் அவர் உண்டாக்கினார். அப்படலம் மிக நுட்பமானது, தொட்டாலே கிழியும். வில்ஹெல்ம் பெஃபர் என்னும் தாவர அறிஞர், நுண்துளைகள் உள்ள மண்கலத்தின் சுவருக்குள்ளேயே அந்தப் படலத்தைப் படிய வைத்து அதற்கு வலிமை தந்தார்.

1877-ஆம் ஆண்டில் பெஃபர் வெளியிட்ட கணக்கு வியப்பானது. கலத்தினுள் நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்த நீர் இருந்தால், வெளியிலிருந்து புகும் நீரின் விசை பாதரசத்தை 535 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கியது. இரு பங்கு சர்க்கரைக்கு 1,016 மில்லிமீட்டர். நான்கு பங்குக்கு 2,082 மில்லிமீட்டர். சர்க்கரை இரட்டித்தால் விசையும் ஏறத்தாழ இரட்டித்தது. நீரின் போக்கு ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டது என்பது ஐயமற நிறுவப்பட்டது. உயிரணுவின் மேற்பரப்பிலும் இத்தகைய படலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று பெஃபர் கருதினார். அக்காலத்து நுண்ணோக்கியால் காண முடியாத ஒன்றை அவர் அறிவால் கண்டார்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹியூகோ டி விரீஸ் என்பவர், உப்பு நீரிலிட்ட தாவர உயிரணுவின் உட்பொருள் சுருங்கிச் சுவரைவிட்டு விலகுவதை நுண்ணோக்கியில் நோக்கி, எந்தெந்தக் கரைசல்கள் ஒத்த வலிமை உடையவை என்று அளந்து வந்தார். அவர் தம் நண்பரான வாண்ட் ஹாஃப் என்னும் வேதியியலாரைத் தெருவில் கண்டு, பெஃபரின் அளவுகளைப் பற்றி உரையாடினார். அந்த உரையாடலிலிருந்து ஒரு பெரும் விதி முளைத்தது. நீரில் கரைந்த சர்க்கரை தரும் அழுத்தம், அதே எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் வளியாக இருந்து அதே இடத்தை நிரப்பினால் தரக்கூடிய அழுத்தத்துக்குச் சமம் என்று 1880-களின் நடுவில் வாண்ட் ஹாஃப் காட்டினார். 1901-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

டி விரீஸ் தாவரத்தில் கண்டதை, ஹாம்பர்கர் என்னும் டச்சுக்காரர் குருதியில் கண்டார். உப்புக் குறைந்த நீரில் சிவப்பணுக்கள் வெடித்தன. மிகுந்த நீரில் சுருங்கின. குறிப்பிட்ட ஓர் அளவில் மட்டும் நிலைத்து நின்றன. மனிதக் குருதிக்கு அந்த அளவு நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு என்பது இத்தகைய ஆய்வுகளின் பயனாக நிலைபெற்றது. இன்று நோயாளியின் கட்டிலருகே தொங்கும் உப்பு நீர்ப் பையில் அச்சிடப்பட்டிருக்கும் எண் அதுவே. லாட்டாவின் கைக்கு எட்டாத அளவு, அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின், செடியின் இலையை உற்று நோக்கியவர்கள் வழியாக மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது.

எண்ணெய்ச் சுவரும் நீரின் புதிரும்

சவ்வு எதனால் ஆனது என்னும் வினா எஞ்சியிருந்தது. எர்னஸ்ட் ஓவர்டன் என்பவர் இங்கிலாந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றியவர். 1890-களில் அவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எவை உயிரணுவுக்குள் விரைந்து புகுகின்றன என்று சோதித்தார். கொழுப்பில் எளிதில் கரையும் பொருள்களே விரைந்து புகுந்தன. ஆகவே உயிரணுவின் எல்லை கொழுப்புத் தன்மை உடையது என்று அவர் முடிவு கட்டினார்.

1925-ஆம் ஆண்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இரு டச்சு ஆய்வாளர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதனை நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தனர். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே சவ்வு ஈரடுக்குக் கொழுப்பு என்றனர். அவர்களின் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. கொழுப்பை முழுமையாகப் பிரிக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்து மதித்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் சரியான விடை கிடைத்தது! அவ்வீரடுக்குக் கொழுப்பில் புரதங்கள் மிதக்கின்றன என்னும் வடிவத்தை 1972-ஆம் ஆண்டில் சிங்கரும் நிக்கல்சனும் வகுத்தனர். ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சவ்வுகளை அடுக்கலாம். அத்துணை மென்மையானது அது.

இங்கே பழைய புதிர் மீண்டும் தலைதூக்கியது. எண்ணெயும் நீரும் ஒட்டாதவை. சவ்வு எண்ணெய்ச் சுவராயின், நீர் எவ்வாறு சிவப்பணுவுக்குள் அத்துணை விரைவாகப் பாய்கிறது? ஓரளவு நீர் கொழுப்படுக்கின் ஊடே கசியும் என்பது உண்மை; அதுவே போதும் என்று வாதிட்டவர் பலர். வேறு சிலரோ, தனி வாயில் இருத்தல் வேண்டும் என்றனர். பாதரச உப்பைச் சேர்த்தால் சிவப்பணுவில் நீரோட்டம் மிகவும் குறைகிறது என்பது 1970-இல் தெரியவந்தது. அடைபடக்கூடியது இருக்கிறதென்றால், திறந்திருக்கும் வழி ஒன்றும் இருக்கத்தானே வேண்டும்? ருமேனிய நாட்டுப் பெங்கா 1986-ஆம் ஆண்டிலேயே அத்தகைய புரதத்துக்கான தடயங்களை வெளியிட்டார்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் பீட்டர் ஆக்ரே நீரைத் தேடிச் சென்றவரல்லர். குருதி வகைக்குரிய ஒரு புரதத்தை ஆராயும்போது, வேறொரு சிறு புரதம் மீண்டும் மீண்டும் குறுக்கிட்டது. அது சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் ஏராளமாக இருந்தது; ஆனால் அதன் பணி எவருக்கும் தெரியவில்லை. நீரின் வாயிலாக அது இருக்கக் கூடுமோ என்று ஒரு நண்பர் எடுத்துரைத்தார். தவளை முட்டைகளைக் கொண்டு ஆக்ரேயின் குழுவினர் அதனைச் சோதித்தனர். தவளை முட்டை இயல்பாக நீரை எளிதில் உட்கொள்ளாது; உட்கொள்ளுமாயின் குளத்தில் இட்ட முட்டைகளெல்லாம் வெடித்துவிடும். அந்தப் புரதத்தை ஆக்கும் கட்டளையைச் சில முட்டைகளுக்குள் செலுத்தி, அவற்றை உப்புக் குறைந்த நீரில் இட்டனர். மற்ற முட்டைகள் அசையாதிருக்க, அவை மட்டும் சில நிமிடங்களில் பருத்து வெடித்தன. 1992-ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. நொல்லேயின் தோல் புடைத்த நாளிலிருந்து 244 ஆண்டுகள் கடந்திருந்தன. 2003-ஆம் ஆண்டில் ஆக்ரேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாயிலின் நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு நொடியில் ஏறத்தாழ முந்நூறு கோடி நீர் மூலக்கூறுகள் ஒரே வரிசையில் அதன் வழியே செல்கின்றன; ஆனால் உப்பின் அயனிகள் செல்லா. நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டினாலும், ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே வெளியேறுகிறது. எஞ்சிய நீரை உடல் மீட்டுக்கொள்வதில் இத்தகைய வாயில்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரைக்கும் அவ்வாறே தனி வாயில்கள் உள்ளன. தசையிலும் கொழுப்பணுக்களிலும் அவ்வாயில்களைச் சவ்வுக்குக் கொண்டுவந்து நிறுத்துமாறு கட்டளையிடுவது இன்சுலின். அக்கட்டளை எட்டாதபோது, குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தும் அத்தசைகளுக்கு அது போதிய அளவு கிட்டுவதில்லை. நம் குடும்பங்களில் பலரை வாட்டும் நீரிழிவின் ஒரு கூறு இதுவேயாகும்.

உயிர் காத்த சவ்வுகள்

இனி, இந்த அறிவு மனிதரின் கட்டிலருகே வந்து நின்ற இரு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரில் ஹாலந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, காம்பன் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் வில்லம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். சிறுநீரகம் செயலிழந்தோர் கண்ணெதிரே சாவதைக் காணப் பொறாத அவர், கிரகாமின் தாளுக்கு ஈடாகக் கடையில் கிடைத்த ஒரு பொருளைத் தேர்ந்தார். இறைச்சியைத் திணித்து விற்கப் பயன்படும் செல்லோபேன் உறையே அது. மரத்தாலான உருளையில் அவ்வுறையைச் சுற்றி, அதற்குள் நோயாளியின் குருதியை ஓடவிட்டு, உருளையை உப்பு நீர்த் தொட்டியில் சுழற்றினார். யூரியா சவ்வைக் கடந்து நீருக்குள் சென்றது. சிவப்பணுவும் புரதமும் பெரியவையாதலால் உள்ளேயே தங்கின. உப்போ, தொட்டியிலும் அதே அளவில் இருந்தமையால், குருதியைவிட்டு நீங்கவில்லை. இங்கும் அளவே காவல் நின்றது.

1943-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சியில் முதல் பதினாறு நோயாளிகளில் பதினைவர் இறந்தனர். கோல்ஃப் தளரவில்லை. 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். பகைவரோடு ஒத்துழைத்தவர் என்று சிறை வைக்கப்பட்டிருந்தவர் அவர். அவரைக் காப்பாற்ற வேண்டாம் என்று நினைத்தோர் ஊரில் இருந்திருப்பர். மருத்துவர் அவ்வாறு நினைக்கவில்லை. உருளை சுழன்றது, பெண்மணி கண் விழித்தார், மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தார். சவ்வு நண்பர் பகைவர் என்று பார்ப்பதில்லை. மருத்துவமும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இன்று நம் நாடுகளில் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று இயந்திரத்தருகே படுத்திருக்கும் தந்தையரையும் தாயரையும் நாம் அறிவோம். அவர்களை வாழ்விப்பது ஃபிக் வகுத்த விதியும் கிரகாம் கண்ட முறையும் கோல்ஃப் சுழற்றிய உருளையுமே.

இரண்டாவது நிகழ்ச்சி லாட்டாவின் பழைய பகையாகிய காலராவைப் பற்றியது. அந்நோயின் நஞ்சு குடலின் உயிரணுக்களில் உள்ள குளோரைடு வாயில்களை மூடவிடாமல் திறந்து வைக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியம் அதனைத் தொடர்கிறது. இரண்டையும் தொடர்ந்து நீர் தானாகவே பாய்கிறது. கடும் நோயில் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறும். வெறும் நீரைக் குடித்தால் அது உடலில் தங்காது. ஆனால் குடலில் சர்க்கரையும் சோடியமும் இணைந்தே நுழையும் வேறொரு வாயில் உண்டு என்பதை 1960-ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். காலரா அவ்வாயிலைக் கெடுப்பதில்லை. சர்க்கரையோடு உப்பு உள்ளே சென்றால், நீர் சவ்வூடு பரவலால் அதனைப் பின்தொடர்ந்தே தீரும். 1968-ஆம் ஆண்டில் டாக்கா நகரில் நேலின், கேஷ் என்னும் மருத்துவர்கள் இதனை நோயாளிகளிடம் மெய்ப்பித்தனர்.

1971-ஆம் ஆண்டில் வங்காளத்தில் போர் மூண்டது. எண்ணற்ற மக்கள் அகதிகளாக இந்திய எல்லையைக் கடந்தனர். முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் என்னும் எல்லைப்புற ஊரின் மருத்துவமனையில், தரையெங்கும் நோயாளிகள் கிடக்க, இரத்தக் குழாயில் செலுத்தும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய திலீப் மகலனபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலங்கள் கட்டுவித்தார். நோயாளிகளின் உற்றார் உறவினரே அதனை நீரில் கரைத்துப் புகட்டினர். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது. ஊசியில்லை, பெருங்கருவியில்லை, உயிரணுவின் வாயிலறிந்து அளவறிந்து கலந்த நீர் மட்டுமே இருந்தது. 1832-ஆம் ஆண்டில் லீத் நகரில் கை நழுவிய மருந்து, 139 ஆண்டுகளுக்குப் பின், ஓர் அகதித் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவும் இறுதியானதாக நின்றுவிடவில்லை; கரைபொருளின் செறிவைக் குறைத்தால் பயன் கூடுகிறது என்று கண்டு, 2002-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதனைத் திருத்தியமைத்தது.

விதியை அறிந்தவன் அதனை எதிர்த்தும் நடக்கலாம். சவ்வின் மறுபக்கத்திலிருந்து, நீரின் இயல்பான விசையினும் மிகுந்த அழுத்தம் தந்தால், நீர் தன் போக்கை மாற்றி உப்பைவிட்டு விலகி வரும். 1959-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும் அதற்கேற்ற சவ்வைச் செய்து முடித்தனர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் தாங்கிய அவ்வறிஞரின் உழைப்பில் வேரூன்றிய அந்த முறையே, 2003-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் பயன்பட்ட நீரைத் தூய்மையாக்கி நியூவாட்டர் என்று வழங்கவும் உதவி வருகிறது. ஆற்றல் செலவிட்டுச் செய்யும் பணியாதலால் அது தானே நிகழும் பரவலன்று. அப்பரவலின் விதியை அறிந்ததால் விளைந்த கனியாகும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். பாதிரியார், படை மருத்துவர், மது வணிகர், தாவர அறிஞர், குழந்தை மருத்துவர் என்று பலரும் இதில் பங்கு கொண்டனர். பன்றித் தோல், தாள், மண்கலம், தவளை முட்டை, இறைச்சி உறை ஆகியவை அவர்களுக்குக் கருவிகளாயின. உயிர்நீரைக் கொடுத்தால் பிழைப்பான் என்னும் இரக்கம் லாட்டாவிடம் குறைவின்றி இருந்தது. எவ்வளவு, எதனோடு, எவ்வழியாக என்னும் அறிவு சேர்ந்தபோதுதான் அந்த இரக்கம் முழுப் பயன் தந்தது. செடியின் உயிரணு சுருங்குவதை ஒருவர் பொறுமையாக அளந்து கொண்டிருந்தபோது, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டவர் இருந்திருக்கலாம். அதற்கான விடை பன்காவின் தரையில் எழுந்து அமர்ந்த குழந்தைகளிடம் இருந்தது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இப்பாடத்தை வெறும் வரையறையாக மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நின்ற மனிதரையும் அறிந்து கற்பார்களாயின், அறிவும் அருளும் அவர்களிடம் ஒருங்கே வளரும்.